பீரோ, டெஸ்க் செய்யும் சிறு பட்டறை அரசுக்கு விற்க என்னென்ன பதிவு வேண்டும்?

கேள்வியின் சுருக்கம் இது: திருச்சி துவாக்குடி அருகே வாடகைக் கொட்டகையில் ஆறு தொழிலாளர்களுடன் இரும்பு பீரோ, பள்ளி டெஸ்க், பெஞ்ச் செய்யும் தனிநபர் நிறுவனம். ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது. ஆண்டு விற்பனை ஏறக்குறைய 60 லட்சம் ரூபாய். அரசுப் பள்ளி, மருத்துவமனை, ரயில்வே போன்ற இடங்களுக்கு விற்க எங்கெங்கே பதிவு செய்ய வேண்டும், எல்லாப் பதிவையும் முடித்துத் தர 40,000 ரூபாய் கேட்கும் ஆலோசகரிடம் கொடுக்கலாமா, அவர் சொல்வது போல் நிறுவனத்தை மனைவி பெயருக்கு மாற்றினால் ஆர்டர் எளிதாகக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகள் ஒப்பந்தப்புள்ளிகளைத் திறந்து சரிபார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்தியாவில் 'அரசுக்கு விற்கத் தகுதி பெற்ற நிறுவனம்' என்று ஒரே இடத்தில் ஒரே சான்றிதழ் தரும் ஏற்பாடு கிடையாது. நீங்கள் யார் என்பதற்கு ஒரு பதிவு, என்ன செய்கிறீர்கள், எவ்வளவு பெரியவர் என்பதற்கு ஒன்று, உங்கள் கையெழுத்தை இணையத்தில் நம்புவதற்கு ஒன்று, வாங்குபவரின் தளத்தில் நுழைவதற்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் இருக்கின்றன. என் மேசையில் நிராகரிக்கப்பட்ட சிறு நிறுவனங்களின் ஒப்பந்தப்புள்ளிகளில் பெரும்பாலானவை பதிவு இல்லாததால் விழவில்லை. பதிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் விழுந்தன. ஜிஎஸ்டி சான்றிதழில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் இன்னொரு பெயர், உத்யம் என்ற குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவின் சான்றிதழில் பழைய முகவரி என்று இருந்தால், சரிபார்ப்பவர் உங்களை நம்பினாலும் கோப்பில் எழுதி ஏற்க அவருக்குத் துணிவு வராது. நாளைக்குத் தணிக்கை வரும் என்பது அவர் கவலை.

ஆகவே எந்தப் புதிய தளத்திலும் நுழைவதற்கு முன், இருக்கும் தாள்களை மேசையில் பரப்பிப் பாருங்கள். தனிநபர் நிறுவனத்துக்கு பான் எண் உரிமையாளரின் சொந்தப் பெயரில்தான் இருக்கும்; நிறுவனத்தின் வணிகப் பெயர் ஜிஎஸ்டி சான்றிதழில் தனியாக வரும். அந்த வணிகப் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே நடப்புக் கணக்கிலும், உத்யமிலும், லெட்டர்ஹெட்டிலும் பயன்படுத்துங்கள். 'ஸ்டீல் இண்டஸ்ட்ரீஸ்' ஒன்றில், 'ஸ்டீல் ஒர்க்ஸ்' இன்னொன்றில் என்று இருக்கக் கூடாது. கொட்டகையின் முகவரி ஜிஎஸ்டியில் தொழில் நடக்கும் இடமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பலர் வீட்டு முகவரியில் பதிவு எடுத்துவிட்டுப் பட்டறையை வேறிடத்தில் நடத்துகிறார்கள். ஆய்வுக்கு ஆள் வரும் நாளில்தான் அது தெரியவரும். வாடகை ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று: 60 லட்சம் விற்பனையில் நீங்கள் ஜிஎஸ்டியின் காம்போசிஷன் திட்டத்தில், அதாவது சிறு நிறுவனங்கள் விற்பனையில் ஒரு சிறு விகிதத்தை மட்டும் வரியாகக் கட்டும் எளிய முறையில், இருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்தத் திட்டத்தில் இருப்பவர் விலைப்பட்டியலில் ஜிஎஸ்டியைத் தனியாக வசூலிக்க முடியாது, வேறு மாநிலத்துக்குப் பொருள் அனுப்பவும் முடியாது. பாலக்காட்டு ரயில்வே அலுவலகம் பத்து பீரோ கேட்டால் கைவிரிக்க வேண்டியதுதான். அரசு விற்பனையில் இறங்க நினைப்பவர் வழக்கமான முறைக்கு மாறுவது நல்லது; எப்போது மாறுவது என்பதைக் கணக்கரிடம் பேசி முடிவெடுங்கள்.

அடுத்தது உத்யம் பதிவு. இதுதான் உங்களுக்கு அதிகப் பயன் தரும் பதிவு. அதே சமயம் அதிகமாகத் தவறாக எடுக்கப்படும் பதிவும் இதுதான். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆவணம் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. ஆதார், பான், ஜிஎஸ்டி எண்கள் போதும். முதலீடு, விற்பனை விவரங்களை வருமான வரி, ஜிஎஸ்டி பதிவேடுகளிலிருந்து தளமே எடுத்துக்கொள்ளும். தேடுபொறியில் தட்டினால் அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் பல தனியார் தளங்கள் வந்து ஆயிரம், இரண்டாயிரம் என்று பணம் கேட்கும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு நுழையுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் வரம்புகளின்படி, இயந்திரத் தளவாட முதலீடு 2.5 கோடிக்கும் ஆண்டு விற்பனை 10 கோடிக்கும் மிகாமல் இருந்தால் குறு நிறுவனம். 25 கோடி, 100 கோடி வரை சிறு நிறுவனம். நீங்கள் ஐயமில்லாமல் குறு நிறுவனம்.

பதிவுப் படிவத்தில் 'தேசியத் தொழில் வகைப்பாட்டு எண்' என்று ஓர் ஐந்து இலக்க எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஆலோசகர்கள் இதை அவசரத்தில் ஏதோ ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள். பீரோ, டெஸ்க் போன்ற தளவாடப் பொருள் உற்பத்தி 31 என்ற எண்ணில் தொடங்கும் பிரிவில் வரும். மொத்த வணிகம் 46இலும் சில்லறை வணிகம் 47இலும் தொடங்கும். கடை வைத்து விற்கிறோமே என்று 47இல் தொடங்கும் எண்ணை மட்டும் போட்டுவிட்டால், தாளில் நீங்கள் உற்பத்தியாளர் அல்லர், வணிகர். 2021 ஜூலையில் வணிகர்களையும் உத்யமில் சேர்த்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்களுக்கு வங்கிகளின் முன்னுரிமைக் கடன் என்ற ஒரு பயன் மட்டுமே உண்டு. அரசுக் கொள்முதலில் குறு, சிறு நிறுவனங்களுக்குத் தரப்படும் சலுகை எதுவும் வணிகருக்குக் கிடையாது. பீரோவைச் சொந்தமாக வெட்டி, வளைத்து, வெல்டு வைத்து, பெயின்ட் அடித்துக் கொடுக்கும் ஒருவர், ஓர் எண்ணின் பிழையால் வணிகராகக் கருதப்பட்டு, டெண்டரோடு சேர்த்துக் கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையைக் கட்டாத காரணத்துக்காக வெளியேற்றப்பட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பிழை இருந்தால் உத்யம் தளத்திலேயே திருத்திக்கொள்ளலாம். ஆனால் டெண்டர் முடிவு தேதிக்குப் பிறகு திருத்திப் பயனில்லை.

அந்தச் சலுகைகள் எவை என்று சொல்லிவிடுகிறேன். 2012இல் மத்திய அரசு வெளியிட்ட குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை ஆணையின்படி, மத்திய அமைச்சகங்களும் துறைகளும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 25 சதவீதத்தை இந்த நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். முதலில் 20 சதவீதமாக இருந்தது 2018இல் 25 ஆக உயர்த்தப்பட்டது. அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 சதவீதமும் பெண்களுக்கு 3 சதவீதமும் உள்ஒதுக்கீடு. டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகை விலக்கு. மேலும் 358 பொருட்களைக் குறு, சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இரும்பு பீரோவும் இரும்பு டெஸ்க்கும் இருப்பது உங்களுக்கு நல்ல செய்தி.

விலைச் சலுகையைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பொருளுக்குப் பெரிய நிறுவனம் ஒன்று 5,000 ரூபாய் என்று மிகக் குறைந்த விலை போட்டு எல்-1 ஆக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் 15 சதவீதத்துக்குள், அதாவது 5,750 ரூபாய் வரை நீங்கள் போட்டிருந்தால் உங்களை அழைத்து, அதே 5,000க்குத் தருகிறீர்களா என்று கேட்பார்கள். சம்மதித்தால் ஆர்டரில் குறைந்தது 25 சதவீதம் உங்களுக்கு. ஆக இது கூடுதல் விலை தரும் சலுகை அன்று. விலையைக் குறைத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். உங்கள் அடக்கவிலை 5,200 என்றால் அந்த வாய்ப்பு உங்களுக்கு நஷ்டத்தைத்தான் தரும். அதேபோல முன்வைப்புத் தொகைக்குத்தான் விலக்கு. ஆர்டர் கிடைத்தபின் கட்ட வேண்டிய செயல்பாட்டுப் பிணைத் தொகைக்கு விலக்கு இல்லை. ஆர்டர் வந்த மகிழ்ச்சியில் இருக்கும்போது வங்கி உத்தரவாதத்துக்குப் பணம் புரட்ட ஓடுபவர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள்.

இந்த ஆணை மத்திய அரசு வாங்குபவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பதையும் நினைவில் வையுங்கள். தமிழ்நாடு அரசின் துறைகளும் வாரியங்களும் உள்ளாட்சிகளும் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கும் 2000ஆம் ஆண்டின் விதிகளுக்கும் உட்பட்டவை. அங்கே முன்வைப்புத் தொகை யாருக்கு விலக்கு, அதற்கு என்ன சான்று இணைக்க வேண்டும் என்பதை அந்தந்த டெண்டர் ஆவணமே சொல்லும். அதைப் படிக்காமல் 'உத்யம் இருக்கிறதே' என்று தொகையைக் கட்டாமல் விடாதீர்கள். தகுதி இருந்தும் அநியாயமாக நிராகரிக்கப்பட்டதாக நினைத்தால், ஆணை கையில் கிடைத்த 10 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இடம் தருகிறது. பத்து நாள் என்பது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

அரசுப் பள்ளிகளைக் குறிப்பிட்டிருந்தீர்கள். இதில் உங்களுக்கு ஏமாற்றம் வரக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். மாநில அரசின் டெஸ்க், பெஞ்ச், பீரோ தேவையில் கணிசமான பகுதி டான்சி எனப்படும் தமிழ்நாடு சிறுதொழில் நிறுவனத்துக்குப் போகிறது. அது மாநில அரசின் சொந்த நிறுவனம். தானே தளவாடங்கள் செய்கிறது. அரசு நிறுவனங்களிடம் வாங்கும்போது டெண்டரிலிருந்து விலக்களிக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆகவே மாநில டெண்டர் தளத்தில் பள்ளி டெஸ்க் அறிவிப்புகளுக்காக மட்டும் காத்திருப்பதைவிட, மத்திய அரசின் பக்கம் உங்கள் முதல் முயற்சியை வைப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து. கேந்திரிய வித்யாலயா, ரயில்வே, அஞ்சல், என்ஐடி, பெல் என்று உங்கள் கொட்டகையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள்ளேயே மத்திய அரசு வாங்குபவர்கள் பலர் இருக்கிறார்கள்.

அவர்களை எட்டும் வழி ஜெம் தளம். 2016இல் தொடங்கப்பட்ட இந்த அரசு மின்சந்தையில் கிடைக்கும் பொருளை மத்திய அரசுத் துறைகள் அங்கேதான் வாங்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 149ஆம் விதி சொல்கிறது. விற்பனையாளராகச் சேரப் பதிவுக் கட்டணம் இல்லை. சிறு தொகைக்கு நேரடியாகவும், அதற்கு மேல் விலைகளை ஒப்பிட்டும், பெரிய தொகைக்கு ஏலம் வைத்தும் வாங்குவார்கள். பதிவு முடிந்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் பலர். உண்மையில் அதன் பிறகுதான் வேலை தொடங்குகிறது. உங்கள் பீரோவைச் சரியான பொருள் வகையின் கீழ், தகட்டின் தடிமன், உயரம், அகலம், தட்டுகளின் எண்ணிக்கை, பெயின்ட் வகை ஆகியவற்றுடன் ஏற்ற வேண்டும். மேசை, டெஸ்க்குக்கு ஐஎஸ் 17633, பீரோ போன்ற சேமிப்புத் தளவாடங்களுக்கு ஐஎஸ் 17634 ஆகிய இந்தியத் தரநிலைகள் இருக்கின்றன. ஏல ஆவணத்தில் இவற்றைக் கேட்டிருந்தால் சோதனை அறிக்கையோ பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தரநிலைப் பணியகத்தின் உரிமமோ இல்லாமல் போட்டியிட்டுப் பயனில்லை. பொருளை ஏற்றும்போது உங்களை உற்பத்தியாளராகக் காட்டுங்கள். மறுவிற்பனையாளராகக் காட்டினால் மேலே சொன்ன சலுகைகள் நழுவிவிடும். ஏல ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே, முன் அனுபவத்திலும் விற்றுமுதலிலும் குறு, சிறு நிறுவனங்களுக்குத் தளர்வு உண்டா இல்லையா என்று இருக்கும். 'இல்லை' என்றிருந்தால் மூன்றாண்டு அனுபவச் சான்று கேட்கும் ஏலத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். ரயில்வேக்கு ஐஆர்இபிஎஸ் என்ற தனித் தளமும், பெல் போன்ற நிறுவனங்களுக்குத் தனித்தனி வழங்குநர் பட்டியலும் உண்டு. ஜெம்மில் ஓரிரு ஆர்டர் முடித்த பிறகு அங்கே போனால் காட்டுவதற்கு அனுபவம் இருக்கும்.

மாநில அரசின் டெண்டர் தளத்துக்கும் ஐஆர்இபிஎஸ்ஸுக்கும் டிஎஸ்சி என்னும் மின்கையொப்பம் வேண்டும். மூன்றாம் வகுப்பு, கையெழுத்து, குறியாக்கம் இரண்டும் சேர்ந்ததாக வாங்குங்கள். காணொளி வழியே சரிபார்த்து ஓரிரு நாளில் தந்துவிடுவார்கள். யுஎஸ்பி டோக்கனில் வரும் அதை ஆலோசகரிடம் விட்டுவைக்கும் வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அது கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைக் கட்டை இன்னொருவர் மேசை இழுப்பறையில் வைப்பதற்குச் சமம். அதே ஆலோசகர் உங்கள் போட்டியாளருக்கும் வேலை செய்கிறவராக இருக்கலாம். உங்கள் விலை அவருக்குத் தெரியும். டோக்கனும் அதன் பின் எண்ணும் உங்களிடமோ கணக்கைப் பார்க்கும் உங்கள் மனைவியிடமோதான் இருக்க வேண்டும். மாநிலத் தளத்தில் விலைப்பட்டியல் ஒரு எக்செல் கோப்பாக வரும். அதன் பெயரை மாற்றாமல், கேட்ட கட்டங்களை மட்டும் நிரப்பி ஏற்றுங்கள். பெயரை மாற்றினால் தளம் ஏற்காது. மாலை 3 மணிக்கு முடியும் டெண்டருக்கு 2.50க்கு உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் வெளியே நின்றார்கள் என்று எண்ணினால் ஒரு கணக்கே எழுதலாம். தளத்தின் கடிகாரம்தான் கணக்கு, உங்கள் கைக்கடிகாரம் அன்று. முந்தைய நாளே முடித்துவிடுங்கள்.

என்எஸ்ஐசியின் ஒற்றைமுனைப் பதிவைப் பற்றி ஆலோசகர் கட்டாயம் பேசியிருப்பார். 1955இல் தொடங்கிய தேசியச் சிறுதொழில் கழகம் பட்டறையை ஆய்வு செய்து, எந்தப் பொருளை எவ்வளவு தொகை வரை வழங்க இயலும் என்று சான்று தரும். இரண்டாண்டு செல்லும், கட்டணம் உண்டு. பயனற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொள்முதல் கொள்கையின் சலுகைகளுக்கு உத்யமே போதுமானதாக இருக்கையில், உங்கள் அளவில் முதலாண்டே இதற்குச் செலவிட அவசியமில்லை. பெரிய தொகைக்குப் போட்டியிடும் நிலை வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

மனைவி பெயருக்கு மாற்றும் யோசனையை நான் ஏற்கவில்லை. 3 சதவீதம் என்பது வாங்கும் துறையின் ஆண்டு இலக்கு. உங்கள் கையில் வந்து விழும் ஆர்டர் அன்று. தனிநபர் நிறுவனத்தின் உரிமையாளர் மாறினால் பான் மாறும், ஜிஎஸ்டி மாறும், உத்யம் மாறும். சட்டத்தின் கண்ணில் அது நேற்றுப் பிறந்த நிறுவனம். 60 லட்சம் விற்பனையும், நீங்கள் முடித்துக் கொடுத்த வேலைகளின் அனுபவச் சான்றுகளும் பழைய பானோடு நின்றுவிடும். உண்மையிலேயே அவர் தொழிலை நடத்துகிறார் என்றால் அது வேறு. அப்போதும் அனுபவத்தை இழக்காத வழி உண்டா என்று கணக்கரோடு உட்கார்ந்து பேசிய பிறகு செய்யுங்கள். சலுகைக்காகத் தாளில் மட்டும் மாற்றுவது ஆய்வில் தெரிந்தால், தடைப்பட்டியலில் சேரும் அளவுக்குப் போகலாம்.

40,000 ரூபாயைப் பொறுத்தவரை, உத்யம், ஜெம் இரண்டுக்கும் அரசுக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது; டிஎஸ்சிக்குச் சில ஆயிரம் ஆகும். மீதி முழுவதும் அவருடைய உழைப்பின் விலை. இணையம் பழகியவர் வீட்டில் ஒருவர் இருந்தால் இதை நீங்களே செய்யலாம். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள், அங்கே பணம் வாங்க மாட்டார்கள். ஆலோசகருக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், முதல் இரண்டு டெண்டரின் தகுதி நிபந்தனைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்து விளக்குவதற்குக் கொடுங்கள், பதிவுக்குக் கொடுக்காதீர்கள்.

கடைசியாகப் பணம் வருவது பற்றி. 2.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் அரசு அலுவலகங்கள் ஜிஎஸ்டி கணக்கில், வரி சேர்க்காத பொருள் மதிப்பில் 2 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுக்கும். அது ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் மின்னணு ரொக்கப் பேரேட்டில் வரும், அந்தத் தளத்தில் நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் பயன்படுத்த முடியும். தாமதத்துக்கு 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவன) வளர்ச்சிச் சட்டம் துணை நிற்கிறது: ஒப்பந்தத்தில் எந்தத் தவணை எழுதியிருந்தாலும் பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக் கூடாது, போனால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி. முறையீட்டை இணையம் வழியே, இத்தகைய பணத் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்துக்கு அனுப்பலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக, வாங்கியவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஆனால் பதிவுக்குப் பிறகு வழங்கிய பொருளுக்கே இந்தச் சட்டத்தின் பயன் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருப்பதால், உத்யம் எண் கையில் வராமல் முதல் ஆர்டரை ஏற்காதீர்கள். பொருளில் குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. எனவே பீரோவை இறக்கும்போதே டெலிவரி சலானில் பெற்றவரின் கையெழுத்து, பெயர், பதவி, முத்திரை, தேதி ஐந்தையும் வாங்கிவிடும்படி வண்டியோடு போகும் பையனிடம் சொல்லி அனுப்புங்கள். தேதி இல்லாத முத்திரையை வைத்துக்கொண்டு மன்றத்தில் நாளைக் கணக்கிட முடியாது.